கட்சி விசுவாசமும் ஜனாதிபதிப் பதவியும்

ஒரு கட்சியின் மடியில் வளர்ந்தவர், அதன் கொடியின் கீழ் நின்று தேர்தலில் வென்றவர், அதன் அரசாங்கத்தில் மந்திரியாக வீற்றிருந்தவர், ஒரு நாள் கட்சியிலிருந்து விலகிக்கொள்கிறார். இனி நான் எல்லோருக்கும் பொதுவானவன், என்னை நாட்டின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுங்கள் என்று மக்கள் முன் வந்து நிற்கிறார். அவரை நம்பலாமா, நம்பக் கூடாதா?

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி 1993ஆம் ஆண்டில் எழுந்தது. 2011இல் மீண்டும் எழுந்தது. 2023இல் மறுபடியும் எழுந்தது. இனி வரும் தேர்தல்களிலும் எழாமல் இராது. ஒவ்வொரு முறையும் மக்கள் இரு சாராராகப் பிரிந்து நின்று வாதிடுகிறார்கள். நேற்றுவரை கட்சிக்காரராக இருந்தவர் இன்று காலையில் பொது மனிதராகிவிட்டாரா, சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா என்பது ஒரு சாராரின் வாதம். ஆட்சியில் இருந்து பழகியவருக்குத்தான் ஆட்சியின் உள்வழி தெரியும், வெளியில் இருந்தவரைக் கொண்டுவந்து உட்கார வைத்து என்ன பயன் என்பது மறு சாராரின் வாதம். இரண்டும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன. ஆனால் நடந்ததை எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டுமே முழு உண்மை அல்ல என்பது தெரியவரும். அதைத்தான் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நமக்கு என்ன கவலை?

சிங்கப்பூர் ஜனாதிபதியைப் பற்றித் தோட்டத்தில் பால் வெட்டுகிறவருக்கும், ஆபீசில் செக்ரோல் எழுதுகிறவருக்கும் என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலை உண்டு.

முதலாவதாக, 1993இல் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் வென்றவர் பத்து ஆண்டுக் காலம் தொழிற்சங்கத் தலைமையில் இருந்தவர். திரு. ஓங் டெங் சியோங் 1983 முதல் 1993 வரை சிங்கப்பூர் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுச் செயலாளராக இருந்தார். அவருடைய வரலாறு தொழிற்சங்க வரலாற்றின் ஒரு பகுதி.

இரண்டாவதாக, அவருக்கு முன்னாலேயே ஜனாதிபதி மாளிகைக்குச் சென்ற தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் உண்டு. அவர் திரு. தேவன் நாயர். 1923இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய தந்தையார் ரப்பர்த் தோட்டக் கிராணி. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1961இல் தோன்றியபோது அதை உருவாக்கிய முன்னணித் தலைவர் அவர். 1964இல் பங்சார் தொகுதியில் மக்கள் செயல் கட்சியின் சார்பில் நின்று மலேசியப் பாராளுமன்றத்துக்குச் சென்றவரும் அவரே. 1981இல் சிங்கப்பூர் ஜனாதிபதியாகி, 1985 மார்ச்சில் பதவி விலகினார். ஆனால் அவர் மக்கள் வாக்குப் போட்டு வந்தவர் அல்லர். அக்காலத்தில் பாராளுமன்றமே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தது.

மூன்றாவது காரணம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கிளைச் சங்கத் தேர்தல் வரும்போது நாம் என்ன பேசிக்கொள்கிறோம்? இன்னார் துரைக்கு வேண்டியவர், இன்னார் கங்காணியாரின் உறவு, இன்னார் அந்தக் கட்சிக்காரர் என்று பேசுகிறோம். இதைக் கேட்பது தப்பல்ல. ஆனால் இதோடு நின்றுவிடுவது தப்பு. ஒருவரை எப்படி எடை போடுவது என்பது ஜனாதிபதித் தேர்தலானாலும் கிளைச் செயலாளர் தேர்தலானாலும் ஒரே பாடந்தான்.

இரண்டாவது சாவி

அந்தப் பதவி என்னவென்று முதலில் தெரிந்துகொள்வோம். 1991ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை மாலை மரியாதைக்குரிய பதவியாக மட்டும் இருந்த ஜனாதிபதிப் பதவிக்குச் சில அதிகாரங்கள் வந்து சேர்ந்தன. நாட்டை ஆள்வது பிரதமரும் மந்திரிசபையுந்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் முந்திய அரசாங்கங்கள் சேர்த்து வைத்த சேமிப்பு நிதியில் கை வைக்க வேண்டுமானால் ஜனாதிபதியின் சம்மதம் வேண்டும். உயர்ந்த உத்தியோகங்கள் சிலவற்றுக்கு ஆள் நியமிப்பதற்கும் அவர் சம்மதம் வேண்டும். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அரசாங்கத்திடம், மற்றொரு சாவி ஜனாதிபதியிடம்.

அந்தப் பெட்டியில் இருப்பது யாருடைய பணம்? மக்களுடைய பணம். அதில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் உழைப்பும் உண்டு, தொழிற்சாலையில் நின்ற பெண்ணின் உழைப்பும் உண்டு. 2009 ஜனவரியில், உலகமெங்கும் வியாபாரம் படுத்துப் போயிருந்த சமயத்தில், அன்றைய ஜனாதிபதி திரு. எஸ்.ஆர். நாதன் அந்தச் சேமிப்பிலிருந்து 490 கோடி வெள்ளியை எடுக்கச் சம்மதம் கொடுத்தார். ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தாமல் வைத்திருக்க முதலாளிமாருக்கு உதவித் தொகை கொடுப்பதும் அந்தப் பணம் சென்ற வழிகளில் ஒன்று. ஆகவே அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது என்பது தொழிலாளியின் அடுப்பைத் தொடுகிற விஷயம்.

சாவியைப் பிடித்திருப்பவர் அரசாங்கத்துக்கு அடங்கியவராக இருந்தால் இரண்டு பூட்டும் ஒரு பூட்டாகிவிடும். கட்சி விசுவாசத்தைப் பற்றிய கேள்வி இங்கேதான் பிறக்கிறது. சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. வேட்பாளராக நிற்பவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று அது விதித்திருக்கிறது. ஆனால் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுப்பது ஒரு நிமிஷ வேலை. இருபது ஆண்டுப் பழக்கத்தைத் திருப்பிக் கொடுப்பது அப்படியல்ல.

1993இன் வழக்கு

திரு. ஓங்கின் வரலாற்றைப் பார்த்தால், அவரை எதிர்த்தவர்களின் சந்தேகம் காரணமில்லாத சந்தேகம் என்று சொல்ல முடியாது. கட்டடக் கலை படித்தவர். 1972இல் மக்கள் செயல் கட்சியின் சார்பில் கிம் கியட் தொகுதியில் நின்று பாராளுமன்றத்துக்கு வந்தார். பின்பு போக்குவரத்து மந்திரியானார், தொழில் மந்திரியானார், 1985 முதல் துணைப் பிரதமரானார். 1981இலிருந்து கட்சியின் தலைவர் பதவியிலும் இருந்தார். கட்சியின் தலைவர், அரசாங்கத்தின் துணைப் பிரதமர், தொழிலாளரின் பொதுச் செயலாளர் என்று மூன்று நாற்காலியில் ஒரே மனிதர்! இரண்டு தோணியில் கால் வைத்தாலே ஆற்றைக் கடக்க முடியாது என்பார்கள். இவர் மூன்று தோணியில் கால் வைத்திருந்தார்.

அவரை எதிர்த்து நின்றவர் திரு. சுவா கிம் இயோ. அரசாங்கத்தின் தலைமைக் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசியலில் பழகாத அமைதியான மனிதர். கூட்டம் போட்டு முழங்கவில்லை. ஆயினும் பாராளுமன்றமும் அரசாங்கமும் ஏற்கெனவே மக்கள் செயல் கட்சியின் கையில் இருக்கும்போது ஜனாதிபதிப் பதவியும் அதன் கைக்கே போகலாமா என்ற கேள்வியை அவர் மக்கள் முன் வைத்தார். அந்த ஒரு கேள்விக்கு இருந்த பலத்தை 1993 ஆகஸ்ட் 28ஆம் தேதி வாக்குப் பெட்டி காட்டியது. திரு. ஓங்குக்கு 952,513 வாக்குகள். திரு. சுவாவுக்கு 670,358 வாக்குகள். நூற்றுக்கு 41 பேருக்கு மேல், கட்சிக்காரர் வேண்டாம் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுத்தார்கள்.

இப்போது திரு. ஓங்கின் பழைய கணக்கைப் புரட்டுவோம். அதில் வரவும் உண்டு, செலவும் உண்டு. இரண்டையும் சொல்வதுதான் தொழிற்சங்கப் பத்திரிகைக்கு அழகு.

வரவுப் பக்கத்தில் முதலில் நிற்பது 1986 ஜனவரியில் நடந்த வேலைநிறுத்தம். சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக வேலைநிறுத்தம் என்ற சொல்லே மறந்து போயிருந்த காலம். ஹைட்ரில் என்ற அமெரிக்கக் கம்பெனி, எண்ணெய்க் கிணற்றுக்கான சாமான்கள் செய்வது. நிர்வாகம் சங்கத்துக்கு விரோதமாக நடக்கிறது என்பது தொழிலாளர் தரப்பின் புகார். வேலைநிறுத்தத்துக்குத் திரு. ஓங் அனுமதி கொடுத்தார். அவர் அப்போது துணைப் பிரதமர்! மந்திரிசபையில் தம்மோடு உட்கார்ந்திருந்த சகாக்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்கள் என்று அவரே 2000ஆம் ஆண்டில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில் தெரிவித்தார். வர்த்தகத் தொழில் மந்திரிக்குக் கடுங்கோபம் வந்ததாகவும், அமெரிக்காவிலிருந்து டெலிபோனுக்கு மேல் டெலிபோன் வந்ததாகவும் சொன்னார். வேலைநிறுத்தம் இரண்டு நாளில் முடிந்தது, பிரச்சினைகளும் தீர்ந்தன என்றார்.

இந்தச் செயலின் எடை எவ்வளவு? அந்த வருஷத்தை எண்ணிப் பாருங்கள். 1985இல் சிங்கப்பூரின் பொருளாதாரம் சரிந்து கிடந்தது. அந்நிய முதலாளிகளின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதே அரசாங்கத்தின் முதல் வேலையாக இருந்தது. அந்த நேரத்தில் அந்நியக் கம்பெனி ஒன்றின் வாசலில் மறியலுக்கு அனுமதி கொடுப்பது என்றால், ஒருவர் தம் மந்திரி நாற்காலியையே பணயம் வைப்பதற்குச் சமம். கட்சி சொல்வதை மட்டும் கேட்கிறவர் செய்யக்கூடிய காரியம் அல்ல இது.

செலவுப் பக்கத்தையும் மறைக்க மாட்டோம். அதே 1986ஆம் ஆண்டு ஏப்ரலில், மத்திய சேமநிதிக்கு முதலாளிமார் செலுத்தி வந்த பங்கு நூற்றுக்கு 25 என்பதிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. சம்பள உயர்வும் கட்டுப்படுத்தப்பட்டது. திரு. ஓங் தலைமை தாங்கிய தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் இதை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு வெள்ளிச் சம்பளத்துக்கும் தொழிலாளியின் முதுமைக் காலச் சேமிப்பில் 15 காசு போயிற்று. நாட்டுக்காகத் தொழிலாளி செய்த தியாகம் என்று அன்று சொல்லப்பட்டது. வேலை பிழைத்தது என்பதும் உண்மை. ஆனால் முதலாளியின் சுமையைத் தொழிலாளியின் முதுகுக்கு மாற்றினார்கள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வராது. சங்கத்தின் பொதுச் செயலாளரே துணைப் பிரதமராகவும் இருந்தால், பேரம் பேசும் மேசையின் இந்தப் பக்கத்தில் யார், அந்தப் பக்கத்தில் யார் என்ற ஐயம் வரத்தான் செய்யும்.

ஆகவே 1993இல் ஒரு தொழிலாளி திரு. ஓங்கை நம்பி வாக்களித்திருந்தாலும், நம்பாமல் வாக்களித்திருந்தாலும், இரண்டுக்கும் காரணம் இருந்தது.

வென்ற பிறகு நடந்தது

வென்ற பிறகு நடந்ததுதான் பெரிய பாடம்.

ஜனாதிபதியானதும் திரு. ஓங் முதலில் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார். நான் காக்க வேண்டிய சேமிப்பு எவ்வளவு? எங்கே இருக்கிறது? பட்டியல் கொடுங்கள் என்றார். காவல்காரர் கேட்கக்கூடிய கேள்வி இதைவிட வேறு என்ன? ஆனால் பட்டியல் சுலபத்தில் வரவில்லை. அரசாங்கத்துக்குச் சொந்தமான நிலம், கட்டடம் முதலியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டுத் தர, ஒரு ஆள் செய்தால் 56 வருஷம் பிடிக்கக்கூடிய வேலை இருக்கிறது என்று அவருக்குப் பதில் வந்தது. மதிப்புப் போடாமல் பட்டியல் மட்டும் தரலாம் என்று பிறகு ஏற்பாடாயிற்று. அதுவும் கைக்கு வர ஆண்டுகள் ஆயின என்பதும், வந்ததும் முழுமையாக இல்லை என்பதும் அவருடைய மனக்குறை.

அவருடைய அதிகாரத்தின் எல்லை பற்றியும் கருத்து வேற்றுமை வந்தது. 1995இல் அரசியல் சட்ட நீதிமன்றக் குழுவின் முன் அது சென்றது. தீர்ப்பு அரசாங்கத்தின் கருத்துக்கு இசைவாக அமைந்தது. திரு. ஓங் அதற்குத் தலை வணங்கினார். 1998இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியை டிபிஎஸ் வங்கிக்கு விற்கும் ஏற்பாடு வெளியாயிற்று. அந்தச் சேமிப்பு வங்கியின் சேமிப்பு நிதி ஜனாதிபதியின் பாதுகாப்புக்கு உட்பட்டது. அப்படியிருந்தும் செய்தியைத் தாம் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டதாக அவர் கூறினார்.

1999 ஜூலையில், பதவிக் காலம் முடியும் தறுவாயில், பத்திரிகைக்காரர்களை அழைத்து இந்தக் குறைகளையெல்லாம் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதமே பிரதமர் திரு. கோ சோக் தோங்கும் நிதி மந்திரியும் பாராளுமன்றத்தில் பதில் அளித்தார்கள். அரசாங்கத்தின் தரப்பையும் சொல்ல வேண்டும். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விலை மதிப்புப் போடுவது வீண் உழைப்பு, அதனால் காவலுக்குப் பயனில்லை என்பது அவர்களுடைய வாதம். சேமிப்பு நிதியை எப்படிக் கணக்கிடுவது, எப்படிக் காப்பது என்பதற்கு விதிமுறைகளை வகுத்து ஒரு வெள்ளை அறிக்கையையும் அந்த ஜூலையிலேயே பாராளுமன்றத்தில் வைத்தார்கள்.

யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமல்ல. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. 1993இல் பேசப்பட்ட இரண்டு வாதங்களும் இங்கே என்ன ஆயின என்று பாருங்கள்.

கட்சிக்காரர் கட்சிக்கே தலையாட்டுவார் என்றார்கள். இவர் தலையாட்டவில்லை. கட்சியின் தலைவராகவே இருந்தவர்தான் அந்தக் கட்சியின் அரசாங்கத்திடம் ஆறு ஆண்டுக் காலம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்தவருக்குத்தான் உள்வழி தெரியும் என்றார்கள். அதுவும் நிற்கவில்லை. பதினைந்து ஆண்டு மந்திரிசபையில் உட்கார்ந்திருந்தவருக்கே, வெளியே வந்து நின்று கேட்டபோது, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, ஒருவர் எந்தக் கட்சியில் இருந்தார் என்பது அவர் நாளை எப்படி நடப்பார் என்பதைச் சொல்லவில்லை. 1986இல் அவர் செய்த காரியந்தான் சொல்லியது. கட்சியின் விருப்பமும் தம் கடமையும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட நாளில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அன்றே கவனித்தவர்களுக்கு 1999 ஆச்சரியமாக இருந்திராது.

கணக்குக் கேட்பது துரோகமா?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம்மவர் வாக்கு. இந்த வாக்கை எடுத்துக்கொண்டு, தம்மை ஆளாக்கிய கட்சியின் அரசாங்கத்தையே ஓங் கேள்வி கேட்கலாமா என்று குறை சொன்னவர்கள் உண்டு. இதற்கு நம் பதில் ஒன்றுதான். ஜனாதிபதி உண்ணும் உப்பு மக்கள் போட்டது.

நம் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பால் நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். அது நிறுக்கும் கிராணியாரைத் திருடர் என்று சொல்வதாகுமா? ஆகாது. நல்ல கிராணியார், வா, வந்து பார், எழுதியதையும் படித்துப் பார் என்றுதான் சொல்வார். மடியில் கனமில்லாதவருக்கு வழியில் பயமில்லை. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சங்கத்தின் பணத்துக்குப் பொருளாளரும் கணக்காய்வாளரும் தனித் தனி ஆட்களாக இருப்பதும் இதனால்தான். கணக்காய்வாளர் பொருளாளரின் சிநேகிதராக இருக்கலாம். கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது மட்டும் சிநேகிதம் வெளியே நிற்க வேண்டும்.

கதவு யாருக்குத் திறக்கிறது?

இன்னொரு பக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஏன் ஒவ்வொரு தேர்தலிலும் முன்னாள் மந்திரி, முன்னாள் கட்சிக்காரர் என்ற பேச்சே வருகிறது? கதவு அப்படி அமைந்திருக்கிறது. ஜனாதிபதி வேட்பாளராக நிற்பதற்குத் தகுதிச் சான்று வேண்டும். மந்திரி, பிரதம நீதிபதி, சபாநாயகர், நிரந்தரச் செயலாளர், தலைமைக் கணக்காளர் போன்ற உயர்ந்த பதவிகளில் இருந்திருக்க வேண்டும். இல்லையேல் மிகப் பெரிய கம்பெனியை நடத்தியவராக இருக்க வேண்டும். முன்பு 10 கோடி வெள்ளி மூலதனமுள்ள கம்பெனி என்றிருந்தது, 2017 தேர்தலுக்கு முன்னால் 50 கோடி வெள்ளிப் பங்கு மதிப்புள்ள கம்பெனி என்று உயர்த்தப்பட்டது. தொழிற்சங்கப் பொதுச் செயலாளர் என்ற பதவி அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. பத்து ஆண்டு தொழிலாளர் தலைவராக இருந்த திரு. ஓங்குக்கும் கதவைத் திறந்தது மந்திரி என்ற சாவியே.

1993இல் பாட்டாளிக் கட்சியைச் சேர்ந்த திரு. ஜே.பி. ஜெயரத்தினம் விண்ணப்பித்தார். 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சியின் குரலை ஒலிக்கச் செய்த இலங்கைத் தமிழர் அவர். அந்த ஆன்சன் தொகுதி காலியானதே, அதன் உறுப்பினராக இருந்த தேவன் நாயர் ஜனாதிபதியானதால்தான். திரு. ஜெயரத்தினத்துக்குத் தகுதிச் சான்று கிடைக்கவில்லை. 1999இலும் 2005இலும் திரு. நாதன் போட்டியின்றி வந்தார். 2017இல், மலாய் இனத்தவருக்கென ஒதுக்கப்பட்ட தேர்தலில், முப்பது ஆண்டுக்கு மேல் தொழிற்சங்கக் காங்கிரசில் பணியாற்றிய திருமதி ஹலிமா யாக்கோப் போட்டியின்றி வந்தார். தகுதியானவர்களாகவே இருக்கட்டும். ஆனால் போட்டியில்லாத இடத்தில் விவாதமும் இல்லை. விவாதமில்லாத இடத்தில் ஒருவருடைய பழைய கணக்கை மக்கள் புரட்டிப் பார்க்கச் சந்தர்ப்பமும் இல்லை. கதவு குறுகலாக இருக்கும்போது, வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டால் மட்டும் போதாது. கதவின் அகலத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

2011ஆம், 2023ஆம் ஆண்டுகள்

போட்டி இருந்த இடத்தில் மக்கள் சிந்தித்தார்கள் என்பதற்கு 2011 சாட்சி. நால்வர் நின்றார்கள். முன்னாள் துணைப் பிரதமர் திரு. டோனி டான் நூற்றுக்கு 35.2 வாக்குகளோடு வென்றார். அவருக்கு அடுத்து வந்தவர் மக்கள் செயல் கட்சியின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் திரு. டான் செங் போக். வித்தியாசம் 7,382 வாக்குகளே. இருவரும் ஒரே கட்சியில் வளர்ந்தவர்கள். யார் அந்தக் கட்சியிலிருந்து உண்மையில் தள்ளி நிற்கக்கூடியவர் என்பதே மக்கள் மனத்திலிருந்த கேள்வி. அதற்கு நாடு ஒரே குரலில் பதில் சொல்லவில்லை.

2023இல் திரு. தர்மன் சண்முகரத்னம் நின்றார். 2001 முதல் பாராளுமன்ற உறுப்பினர், நிதி மந்திரியாகவும் துணைப் பிரதமராகவும் இருந்தவர். ஜூலையில் கட்சியை விட்டு விலகி, செப்டம்பர் 1ஆம் தேதி நூற்றுக்கு 70.4 வாக்குகளோடு வென்றார். எதிர்த்து நின்ற திரு. இங் கோக் சோங், கட்சித் தொடர்பில்லாதவரே ஜனாதிபதியாக வேண்டும் என்று வாதிட்டார். மக்கள் திரு. தர்மனையே தேர்ந்தார்கள். தமிழ் வழி வந்த ஒருவர் இத்தனை பெரிய வாக்கில் வென்றதில் நம்மவர்கள் மகிழ்ந்தது இயல்பே. ஆனால் தமிழர் என்பதற்காக மட்டும் ஒருவரைப் போற்றுவதும், கட்சிக்காரர் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தூற்றுவதும் ஒரே தராசின் இரண்டு தட்டு. இரண்டிலும் மனிதருடைய செயல் இல்லை. குறைந்த சம்பளக்காரருக்கு அரசாங்கம் வருமான உதவி கொடுக்கும் திட்டம் 2007இல் வந்தபோது நிதித் துறைப் பொறுப்பில் அவர் இருந்தார் என்பதைச் சொல்லி ஒருவர் வாக்களித்தால், அது சீர்தூக்கிப் பார்த்த வாக்கு. ஆட்சிக் கட்சியின் கொள்கைகளில் அவருக்கும் பங்குண்டு என்று சொல்லி ஒருவர் மறுத்தால், அதுவும் சீர்தூக்கிப் பார்த்த வாக்குத்தான்.

நம் முடிவு

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஜனாதிபதி வேட்பாளரானாலும், சட்டமன்ற வேட்பாளரானாலும், நம் கிளைச் சங்கத்தின் செயலாளர் வேட்பாளரானாலும், மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

அவரை ஆளாக்கியவர்களின் விருப்பமும் அவருடைய கடமையும் மோதிய நாள் ஒன்று உண்டா? அன்று அவர் என்ன செய்தார்? அப்படி ஒரு நாளே வரவில்லை என்றால், அவர் இன்னும் சோதிக்கப்படாதவர் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கெட்டவர் என்று எழுத வேண்டாம், நல்லவர் என்றும் எழுத வேண்டாம்.

அப்படிச் செய்தபோது அவருக்கு ஏதேனும் நஷ்டம் நேரக்கூடியதாக இருந்ததா? கைதட்டல் கிடைக்கும் இடத்தில் வீரம் பேசுவது எளிது. கோபித்துக்கொள்ளக்கூடியவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது செய்வதுதான் கணக்கில் சேரும்.

மூன்றாவது கேள்வி அவரைப் பற்றியது அல்ல, நம்மைப் பற்றியது. சாவியைக் கொடுத்த நாம், கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையையும் அவருக்கு வாங்கிக் கொடுத்தோமா? திரு. ஓங்கிடம் துணிவு இருந்தது, நேர்மை இருந்தது, மக்களின் 952,513 வாக்கும் இருந்தது. அப்படியிருந்தும் ஒரு பட்டியலுக்காகக் காத்திருந்தார். நல்ல மனிதரைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. அவர் கேட்டால் பதில் வந்தே தீர வேண்டும் என்ற விதியை உண்டாக்குவது மறு பாதி. இந்த மறு பாதியை மறந்துவிட்டு, ஆள் கட்சிக்காரரா இல்லையா என்று மட்டும் சண்டையிட்டுக்கொண்டிருந்தால், யார் வென்றாலும் பெட்டி மூடியேதான் இருக்கும்.

திரு. ஓங் 2002 பிப்ரவரியில் மறைந்தார். தொழிற்சங்கத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சிங்கப்பூர்க் கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் அவர் நமக்கு விட்டுச் சென்ற பாடத்தைக் கட்டடத்தின் வாசற்பலகையில் மட்டும் எழுதி வைத்தால் போதாது. அடுத்த கிளைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும்போது, பின் வரிசையிலிருந்து ஒரு தோழர் எழுந்து விளக்கம் கேட்டால், அவரை உட்கார் என்று அதட்டாதீர்கள். அவர் யாருடைய ஆள் என்றும் விசாரிக்காதீர்கள். அவருக்கு உரிய பதிலைக் கொடுங்கள். அவர் கேட்பது சங்கத்தின் பணத்துக்குக் கணக்கு. அந்தப் பணத்தில் உங்கள் சந்தாவும் இருக்கிறது.